கருவிப் பையும் ஒப்பந்தத் தாளும்

(கழகத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் கல்வியின் சிறப்பை எடுத்துரைப்பது மரபு. நமக்கு முன் பேசிய பெருமக்கள் அதனை நிறைவாகவே கூறிவிட்டனர். ஆதலின் கல்வி முடிந்து, சான்றிதழும் கைக்கு வந்து, தொழிலும் ஒருவாறு அமைந்த பிறகு எழுகின்ற ஒரு கேள்வியை நாம் எடுத்துக்கொள்கின்றோம். இக்கேள்வி நாமே தேடிக்கொண்டதன்று. நம் குடியிருப்பிலிருந்து தொழிற்பயிற்சி நிலையம் சென்று, எரிவாயு அடுப்பும் குழாயும் பழுது பார்ப்பதைச் சுயதொழிலாகக் கொண்டுள்ள தம்பிமார் சிலர் அண்மைக் காலத்தில் நம்மிடம் கொண்டு வந்தது. "ஐயா, குழாய் எரிவாயு கம்பெனிக்கு அவசர உதவிக் குழுவில் காண்ட்ராக்ட் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? இருக்கிற தொழிலையே பார்த்துக்கொண்டு இருக்கலாமா?" என்பதே அவர்தம் கேள்வி.

நாம் எரிவாயுத் தொழில் கற்றவரல்லோம். சமூக அறிவியல் கற்பித்து வந்த ஆசிரியர். எனினும் சட்டமும் ஊதியமும் வரலாறும் இக்கேள்விக்குள் புகுந்து நிற்பதால் சிலவற்றைக் கூறும் உரிமை நமக்கு உண்டென்று கருதுகின்றோம்.

முதலில் இத்தொழிலின் மதிப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பாட்டன்மார் கால் வைக்க இயலாத தெருக்கள் இருந்தன. தெருவைக் கடந்தாலும் திண்ணையைக் கடக்க இயலாது. ஒரு வீட்டில் சாதியின் காவல் மிகக் கடுமையாய் இருந்த இடம் அடுக்களை. இன்று நம் பிள்ளை கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே அந்த அடுக்களைக்குள் செல்கின்றான். பர்னரைக் கழற்றித் துடைக்கின்றான். ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்கின்றான். வெடிப்பு விட்ட ரப்பர் குழாயை மாற்றுகின்றான். சோப்பு நுரையைத் தடவிக் கசிவு உண்டா என்று நோக்குகின்றான். "இப்போது பற்ற வையுங்கள், அம்மா" என்று அவன் சொன்ன பிறகே அவ்வீட்டில் உலை ஏறுகின்றது. சட்டம் கதவைத் திறந்தது உண்மை. ஆயினும் அடுக்களை வரை அவனை அழைத்துச் சென்றது கையிலுள்ள தொழிலறிவு. (எல்லா வீடுகளிலும் குடிக்கத் தண்ணீர் ஒரே டம்ளரில் வருகின்றது என்று நாம் கூறவில்லை. அதையும் தம்பிமார் நம்மிடம் சொல்லியே இருக்கின்றனர்.)

இத்தொழிலில் மேலாள் இல்லை. விருப்பமில்லாத வீட்டிற்கு இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. ஆனால் வருவாய்க்கு ஒழுங்கும் இல்லை. தீபாவளி, பொங்கலை ஒட்டி வீடு வீடாய் அழைப்பு வரும்; அடுத்த மாதமே பெட்ரோலுக்குக் கூடக் கணக்குப் பார்க்க வேண்டிவரும். பெண் கொடுக்க வருவோர் "மாதம் எவ்வளவு?" என்று கேட்கும்போது நேர்மையான பிள்ளை விழிக்கின்றான். காண்ட்ராக்ட் வேலை என்ற சொல் இந்த இடத்தில்தான் காதுக்கு இனிக்கின்றது.

அவ்வேலை எவ்வாறு வந்தது? 2018ஆம் ஆண்டில் நடைபெற்ற ஒன்பதாம் ஏலச் சுற்றில் சென்னை, காஞ்சிபுரம், கோவை, சேலம் முதலிய பகுதிகளுக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு வழங்கும் உரிமை அளிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன்பின் தெருக்களில் மஞ்சள் நிறக் குழாய்கள் புதைக்கப்படுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், அவசரநிலைக்கும் பேரிடருக்குமான விதிமுறைகளை 2010இல் வகுத்தது. குழாயைப் பதித்தவர் கசிவை எதிர்கொள்ளவும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண் 2016 ஜனவரி 1 முதல் இரவு பகலாக இயங்குகின்றது. தொலைபேசியை எடுக்க ஒருவர் இருந்தால் போதாது. கசியும் வீட்டின் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும் அன்றோ? அந்த ஆளைத்தான் தேடுகின்றனர்.

தேடுவதற்குக் காரணம் உண்டு. ஓராண்டு குழாய்ப் பணிப் பயிற்சியும், அதன்மேல் நான்கைந்து ஆண்டு அடுப்பங்கரை அனுபவமும் உடைய ஒருவரைப் புதிதாய் உருவாக்குவதற்குப் பொருள் செலவாகும். நம் தம்பிமார் தம் செலவில் ஏற்கெனவே உருவாகி நிற்கின்றனர். நாம் பேரம் பேசத் தக்கவர் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் பழுது பார்ப்பவர் வேலையும் முதலில் ஓடிச் செல்பவர் வேலையும் ஒன்றல்ல. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் படிந்து, சாக்கடைத் துவாரத்திலும் பள்ளத்திலும் தேங்கும். இயற்கை எரிவாயு காற்றினும் இலேசானது. கூரையை நோக்கி எழும். பத்தாண்டு சிலிண்டரோடு பழகியவர் கசிவு என்றவுடன் குனிந்து பார்ப்பார். குழாய் எரிவாயுவுக்கு அவர் நிமிர்ந்து பார்க்கப் பழகுதல் வேண்டும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு சேர்ந்தாலே சமையல் எரிவாயு பற்றிக்கொள்ளும். இயற்கை எரிவாயு 5 முதல் 15 பங்கு வரை உள்ளபோது பற்றும். இவ்வளவை மூக்கால் அளக்க இயலாது. அளவுக் கருவி வேண்டும். வாசலில் அழைப்பு மணியை அழுத்துதல் ஆகாது, கதவைக் கையால் தட்ட வேண்டும். மின்விளக்கைப் போடுதலும் அணைத்தலும் ஆகா. கைப்பேசியை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். ஆட்களை வெளியேற்றி, வால்வை மூடி, காற்றோட்டம் செய்து, அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அண்டை வீட்டையும் சோதித்தல் வேண்டும். பெரும்பாலும் அத்துடன் அவர் வேலை முடிகின்றது. அடுப்பைச் சீர்செய்வது பின்னர் வரும் வேறொருவரின் பணி. சில ஆண்டுகள் இவ்வாறு மூடிவிட்டு மூடிவிட்டுத் திரும்பியவர், பழைய கைத்திறனையும் பழைய வாடிக்கை வீடுகளையும் ஒருசேர இழத்தல் கூடும். வேலைக்குப் போகும் முன் இதனைக் கணக்கில் கொள்வோர் குறைவு.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். நம்மிடம் காட்டப்பட்ட ஒப்பந்தத் தாள் ஒன்று ஆங்கிலத்தில் ஆறு பக்கம் இருந்தது. மேலே கம்பெனி, அதற்குக் கீழே ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் அனுப்பும் ஏஜென்சி, கடைசியில் நம் தம்பி. ஆனால் அத்தாளில் அவர் பெயர் தொழிலாளி என்று குறிக்கப்படவில்லை. 'சுயமாய்ச் சேவை வழங்குபவர்' என்ற பொருள்படும் சொல்லே இருந்தது. மாதத்தில் இத்தனை இரவுகள் கட்டாயம் அழைப்புக்குக் காத்திருத்தல் வேண்டும், சீருடை அணிதல் வேண்டும், வேறு எவருக்கும் வேலை செய்தல் ஆகாது என்றெல்லாம் அதே தாள் விதிக்கின்றது. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, கருவியும் அவருடையது. கட்டுப்பாட்டில் வேலையாள், பொறுப்பில் முதலாளி! இவ்விரண்டையும் ஒரே ஆளின் தலையில் வைத்த அறிவாளி யார் என்று நாம் வியந்தோம்.

இச்சொல் மாற்றத்தால் விளையும் இழப்பை எண்களால் காண்போம். ஓர் எடுத்துக்காட்டாக மாதம் 18,000 ரூபாய் தருவதாகக் கொள்வோம். தொழிலாளி என்று பதிவு செய்தால், வருங்கால வைப்பு நிதிக்கு 2014இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் வரம்பின்படி நூற்றுக்கு 12 வீதம் 1,800 ரூபாயை வேலை கொடுப்பவர் தம் பங்காகச் செலுத்துதல் வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிற்கு நூற்றுக்கு 3.25 வீதம் 585 ரூபாய். ஆக மாதம் 2,385. ஆண்டுக்கு 28,620 ரூபாய். சேவை வழங்குபவர் என்று எழுதிவிட்டால் இத்தொகை அவர்க்கு மிச்சம். நமக்கோ நூற்றுக்கு 1 ரூபாய் வருமான வரிப் பிடித்தம் செய்த ஒரு சீட்டு கிடைக்கும். ஊதியச் சீட்டில் வைப்பு நிதிக் கணக்கு எண் இருக்கின்றதா, அல்லது பில் போட்டுப் பிடித்தம் மட்டும் செய்கின்றனரா என்று பார்த்தாலே, அவர்கள் நம்மை யாராக எண்ணுகின்றனர் என்பது விளங்கிவிடும்.

பணத்தினும் பெரியது விபத்து. வேலையின்போது தொழிலாளி இறந்தாலோ ஊனமுற்றாலோ, இடையில் ஒப்பந்ததாரர் இருப்பினும் முதன்மை நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம் என்ற கோட்பாடு 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது; 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதனைத் தொடர்கின்றது. ஆனால் அது தொழிலாளிக்கு. சுயமாய்ச் சேவை வழங்கியவரின் மனைவி நீதிமன்றம் சென்று, 'என் கணவர் உண்மையில் தொழிலாளியே' என்பதை முதலில் மெய்ப்பித்தல் வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத் தொழிலாளருக்கென 1970இல் வந்த சட்டம் 20 பேர் உள்ள இடத்திற்கே பொருந்தியது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அவ்வரம்பை 50 ஆக உயர்த்தியுள்ளது. ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை நிறுவனம் தருதல் வேண்டும் என்ற பாதுகாப்பு அதிலும் உண்டு. எனினும் முப்பது பேரை வைத்துக்கொண்டிருக்கும் சிறு ஒப்பந்ததாரரிடம் சேர்பவர், தாம் அவ்வரம்பிற்குள் வருகின்றோமா என்று கேட்டறிதல் வேண்டும்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வீடுதோறும் குழாய் எரிவாயு நெடுங்காலமாய்ச் செல்லும் இங்கிலாந்தில், 2009 ஏப்ரல் 1 முதல் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எரிவாயு வேலையைத் தொழிலாகச் செய்தல் ஆகாது. அடைக்கப்படாத கசிவாயின் 1 மணி நேரத்திற்குள்ளும், அடைக்கப்பட்டதாயின் 2 மணி நேரத்திற்குள்ளும் அவசரப் பணியாளர் வந்து சேர்தல் வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். அங்கும் சுயதொழில் செய்வோர் பலர். ஒப்பந்தத்திற்குச் செல்வதா என்ற தயக்கம் அவர்களுக்கும் உண்டு. கேரி ஸ்மித் என்ற குழாய், வெப்பச் சாதனப் பணியாளர் இலண்டனில் பிம்லிகோ பிளம்பர்ஸ் என்ற நிறுவனத்திற்கு ஆறாண்டுக் காலம் உழைத்தார். தாளில் அவர் சுயதொழிலாளி. வரியும் அவ்வாறே கட்டினார். உடலிலோ நிறுவனத்தின் சீருடை. ஓட்டியதோ நிறுவனத்தின் பெயர் பொறித்த வண்டி. மாரடைப்பு வந்தபின் வாரத்திற்கு மூன்று நாள் வேலை கேட்டார், மறுக்கப்பட்டார். வழக்குப் பல படிகளைக் கடந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2018 ஜூன் 13 அன்று, சட்டத்தின் பார்வையில் அவர் உழைப்பாளியே, அதற்குரிய உரிமைகள் அவருக்கு உண்டு என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். வென்றார், ஆனால் வேலை நின்று ஏழாண்டு கழிந்திருந்தது. நம் நாட்டுச் சட்டம் வேறு. எனினும் தாளில் எழுதிய பெயருக்கும் நாள்தோறும் செய்த வேலைக்கும் உள்ள முரண்பாடு அங்கும் இங்கும் ஒன்றே.

இளைஞர்களே! இக்கேள்வியை நாம் மற்றவரினும் ஒரு படி கூடுதலாய் ஆராய வேண்டியிருப்பதற்கு வரலாறு காரணம். இடர் மிகுந்த வேலைக்கு நம்மவரை அழைப்பதும், அழைத்தவர் யார் என்பது பின்னர் மறைந்துபோவதும் நமக்குப் புதியன அல்ல. பாதாளச் சாக்கடைக்குள் நச்சுக் காற்றால் மடிந்தவரை எண்ணிப் பாருங்கள். அவர்களைக் கொன்றதும் ஒருவகை வாயுவே. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்குத் தடைவிதிக்கும் சட்டம் 1993இலும், மீண்டும் விரிவாக 2013இலும் வந்தது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தருமாறு 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது. ஆனால் ஒவ்வொரு சாவிலும் கேட்கப்படும் மறுமொழி மாறவில்லை: "அவர் எங்கள் ஆள் அல்லர், காண்ட்ராக்ட் ஆள்." எரிவாயு அவசரப் பணி அத்தகைய இழிவுப் பணியன்று; கல்வியும் பயிற்சியும் வேண்டும் மதிப்புமிக்க பணி. இரண்டையும் நாம் ஒன்றாக்கவில்லை. அந்த மறுமொழி மட்டும் ஒன்றாய் இருந்துவிடக் கூடாதே என்பது நம் கவலை.

ஆகவே போக வேண்டாம் என்று தடுப்பதா நம் கருத்து? அன்று. நள்ளிரவில் வாயு நாற்றம் அடிக்கும் வீட்டிலிருந்து குழந்தைகளை வெளியேற்றும் பணியைவிடச் சிறந்த பணி எது? அந்நேரத்தில் கதவைத் தட்டுபவரின் குலத்தை எவரும் கேட்பதில்லை. அளவுக் கருவியைக் கையாளும் பயிற்சியும் சான்றிதழும் கிடைக்குமாயின் அவை வாழ்நாள் முழுதும் உடன் வரும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், வாடிக்கை வீடுகள் இன்னும் சேராத நிலையில் உள்ள தம்பி, தொழிலாளி என்ற பதிவோடு இரண்டு மூன்று ஆண்டு சென்று வருவது நல்லது என்றே கருதுகின்றோம். பத்தாண்டாய்ப் பெயர் எடுத்து, நூறு வீடுகளின் நம்பிக்கையைப் பெற்றவர், 'வேறு எவருக்கும் வேலை செய்தல் ஆகாது' என்ற ஒரு வரிக்காக அந்த நூறு வீடுகளையும் விட்டுவிடுதல் தகாது. அவ்வரியை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். வாரத்தில் குறிப்பிட்ட இரவுகள் மட்டும் என்று பேசலாம். கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சுவோரும் உளர். வேலை தொடங்கு முன் கேட்பதற்கே அஞ்சினால், விபத்து நடந்தபின் யாரிடம் கேட்பது?

ஒன்றை வலியுறுத்திக் கூறுகின்றோம். அடையாள அட்டையும் சீருடையும் பெறாமல் ஓர் இரவுகூடப் புறப்பட வேண்டா. நம் குடியிருப்பு இளைஞன் ஒருவன் இரவு இரண்டு மணிக்கு, கையில் இரும்புக் கருவிகளோடு, தன்னை அறியாத தெருவில் வண்டியில் செல்கின்றான். ரோந்துக் காவலர் நிறுத்தினால் என்ன சொல்வான்? தெருக்காரர் நிறுத்தினால் என்ன ஆகும்? வேறு பிள்ளைகளுக்கு அது ஐந்து நிமிடப் பேச்சில் முடியும். நமக்கு எவ்வாறு முடியும் என்பதை இங்கு அமர்ந்துள்ள தாய்மார் அறிவர். கம்பெனியின் பெயர் பொறித்த அட்டையும், எந்த அழைப்பிற்காகச் செல்கின்றான் என்ற குறிப்பும் அவனுக்கு அளவுக் கருவியைப் போன்றே இன்றியமையாதன.

சுயதொழிலிலேயே நீடிக்க விரும்புவோர்க்கும் ஒரு சொல். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் குழாய்ப் பணியாளரும் பதிவு செய்யலாம். நம் தம்பிமாரில் பலர் இன்னும் செய்யவில்லை. கேட்டால் "பார்க்கலாம் ஐயா" என்கின்றனர். இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

மற்றொரு வழியும் நம் மனத்தில் உள்ளது. ஒப்பந்தத்திற்கு ஆள் அனுப்புபவராக நம்மவரே ஏன் ஆதல் கூடாது? தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றத்திற்கெனத் தாட்கோ 1974 முதல் இயங்குகின்றது. தொழில்முனைவோர்க்கு நூற்றுக்கு 35 வீத மூலதன மானியத்தோடு அண்ணல் அம்பேத்கர் வணிக முன்னோடிகள் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. எட்டுப் பத்துப் பேர் கூடி ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, தம் ஆட்களுக்குத் தாமே வைப்பு நிதி கட்டி, ஒப்பந்தத்தை நேரே பெறலாம். எளிதென்று சொல்லவில்லை. பில் தொகை மாதக் கணக்கில் நிலுவையாகும். அதுவரை கூலி கொடுக்கக் கையிருப்பு வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். வணிகவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் தங்கைகள் நால்வரையேனும் இந்த அரங்கில் காண்கின்றோம்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கர், ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் சட்டத் திருத்தத்திற்கு வழி வகுத்தார். அவர் பெயரால் மாலை அணிவிக்கும் நாம், அழைப்புக்காக வீட்டில் விழித்துக் காத்திருக்கும் இரவு வேலை நேரமா, அன்றா என்று நம் ஒப்பந்தத் தாளில் தேடிப் பார்த்தோம். அதைப்பற்றி அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை.

கழகப் பொறுப்பாளர்களிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்கு நம் படிப்பகத்தில் நாமும், தொழிலாளர் வழக்குகளை நடத்தும் நம் வழக்கறிஞர் தம்பி ஒருவரும் இருப்போம். அழைப்பு வந்தவர்கள் ஒப்பந்தத் தாளைக் கையெழுத்திடாமல் கொண்டு வாருங்கள். வரி வரியாய்த் தமிழில் படித்துப் பொருள் கூறுவோம். மாற்ற வேண்டிய வரிகளைத் தனித்தாளில் எழுதித் தருவோம். ஒருவராய்ப் போய்க் கேட்பதைவிட, அதே தாளைப் பெற்ற ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறுவிதமாய் இருக்கும். வரும் ஞாயிறு முதற்கூட்டம். தாளின் எல்லாப் பக்கங்களையும், பின்னிணைப்புகளையும் சேர்த்துக் கொண்டு வர மறவாதீர்கள்.